வியாழக்கிழமை காலைக் காட்சி

சைனபுக்கு இத்தா முடிய இன்னும் ஐந்து நாள் இருக்கும்போது அவள் கணவர் நடித்த படம் வெளிவந்தது.

நடித்த படம் என்பது கொஞ்சம் கூடுதலான பேச்சுதான். காசிமுக்கு தாராவியில் ஒரு தோல் பட்டறை இருந்தது. பர்ஸும் பெல்ட்டும் தைக்கிற இடம். போன வருஷம் மழை பிடிப்பதற்கு முன்னால் சென்னையிலிருந்து ஒரு சினிமாக் கூட்டம் வந்து, கதாநாயகன் ஊரிலிருந்து வேலை தேடி வந்து சேர்கிற பட்டறையாக அதைக் காட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டது. காசிம் சரியென்றார். முதலாளி வேஷத்துக்கு அவர்கள் கூட்டி வந்திருந்த நடிகருக்கு பம்பாய் தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் ஒரே வாந்தி. டைரக்டர் இரண்டு நாள் பார்த்தார். பிறகு ஓரமாக நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த காசிமையே கூப்பிட்டு நிறுத்திவிட்டார்.

வேலை கேட்டு வருகிற பையனை ஏற இறங்கப் பார்க்க வேண்டும். நாலு வார்த்தை பேச வேண்டும். தோல் வெட்டுகிற கத்தியை எடுத்து அவன் கையில் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் காட்சி. ஆனால் அந்த நாலு வார்த்தையை காசிம் வீட்டில் சொல்லிச் சொல்லிப் பார்த்தது கொஞ்சநஞ்சமல்ல. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஏலே, வேல படிக்க வந்தியா, பம்பாயப் பாக்க வந்தியா?" என்பார். அதட்டலாக ஒரு தடவை, சிரிப்பாக ஒரு தடவை. எது நன்றாக இருக்கிறது என்று சைனபைக் கேட்பார். அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

படம் டிசம்பரில் வரும் என்றார்கள். பிறகு பொங்கலுக்கு என்றார்கள். அதற்குள் ஒரு மத்தியான வேளையில் காசிம் பட்டறையில் தோல் சுருளின் மேல் சாய்ந்து, மூச்சு வாங்குகிறது என்று சொன்னார். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அதன்பிறகு நான்கு மாதம் பத்து நாள் இத்தா. புருஷனை இழந்தவள் வீட்டுப் படியைத் தாண்டாமல், வெளி ஆண்கள் முன்னால் வராமல் இருக்க வேண்டிய காலம். சைனப் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. ஓதுவதும் தொழுவதுமாக இருந்தாள். மாட்டுங்காவில் ஒரு ஆபீஸில் வேலை பார்க்கிற மகள் சபா வந்துபோகிற நேரங்கள்தான் அவளுக்குக் கடிகாரம். எதற்கும் அவள் வெளியே போக ஆசைப்படவில்லை, படம் வெள்ளிக்கிழமை வருகிறது என்று சபா சொல்கிற வரைக்கும். கல்யாணத்துக்குப் பிறகு தியேட்டர் பக்கமே போகாதவள், அன்று ராத்திரி மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். புதன்கிழமை அந்தி மஃரிப் தொழுகையோடு இத்தா முடிகிறது. வியாழக்கிழமை அந்தப் படம் இருக்குமா?

ஒரு வாரமாவது ஓடாமல் போகுமா என்றாள் சபா.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டதும் சபா செம்பூருக்குப் போய்ப் படத்தைப் பார்த்தாள். அந்தக் காட்சி வருகிறபோது போனில் பிடித்து உம்மாவுக்குக் கொண்டுபோகலாம் என்று நினைத்து போனைத் தூக்கினாள். தியேட்டர் ஆள் டார்ச் அடித்து அதட்டினான். பைக்குள் வைத்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் சைனப் அவள் செருப்பைக் கழற்றவிடாமல் கேட்டாள். வாப்பா இருக்காஹ, நல்லா இருக்காஹ என்று சொல்லிவிட்டு சபா முகம் கழுவப் போனாள். நெடுநேரம் முகம் கழுவினாள். அழுதிருப்பாள் போல என்று சைனப் விட்டுவிட்டாள்.

மறுநாள் காலையிலிருந்து படத்தைப் பற்றிய பேச்சு வீட்டுத் தகரச் சுவரைத் தாண்டி உள்ளே வர ஆரம்பித்தது. அடுத்த வீட்டு பேச்சிராஜா கொரியர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். அதைவிட சினிமாதான் அவன் பிழைப்பு என்று அவன் அம்மா திட்டுவாள். எந்தப் படம் வந்தாலும் முதல் காட்சி பார்த்துவிட்டு, தியேட்டர் வாசலிலேயே நின்று விமர்சனம் பேசி வீடியோ போடுவான். பம்பாய்த் தமிழர்கள் குழுக்களில் எல்லாம் அது சுற்றும். சனி, ஞாயிறுகளில் அவனும் கூட்டாளிகளும் கல்லிச் சந்தின் முனையில் தண்ணீர்த் தொட்டிமேல் உட்கார்ந்து, எந்தப் படம் எவ்வளவு வசூல், எது தேறும், எது தேறாது என்று போனைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இத்தனை வருஷமும் அந்தப் பேச்சு சைனபுக்கு வெறும் இரைச்சல். இப்போது அவள் சுவரோரமாக முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லையும் கேட்டாள். வெள்ளிக்கிழமை பாதித் தியேட்டர்கூட நிறையவில்லை. சனிக்கிழமை ஏற வேண்டிய வசூல் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அதற்கும் கீழே. முதல் பாதி இழுவை, ஹீரோவுக்கு நம்ம பாஷையே வரவில்லை, தாராவியை எவனோ கார் கண்ணாடி வழியாகப் பார்த்து எடுத்த மாதிரி இருக்கிறது என்றார்கள். அதெல்லாம் அவளுக்கு ஒன்றுமில்லை. கடைசியில் பேச்சிராஜா சொன்ன ஒன்றுதான் அவளை எழுந்து நிற்க வைத்தது.

"வீக்கெண்டே இப்படின்னா திங்கக்கிழம தூக்கிருவான்டா. ஹிந்திப் படம் ஒண்ணு பிச்சிக்கிட்டு ஓடுது, ஷோவெல்லாம் அதுக்குப் போயிரும்."

அன்று சாயங்காலம் காசிமின் அண்ணன் சலாவுதீன் ஆண்டாப் ஹில்லிலிருந்து வந்தார். வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து வாசல் திரைக்கு வெளியே முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வேண்டியது வேண்டாததைக் கேட்டுவிட்டுப் போவார். இத்தா முடிந்ததும் எங்கே முதலில் போகப் போகிறீர்கள், ஒரு பாத்திஹா ஓத ஏற்பாடு செய்யட்டுமா என்று கேட்டார். சபா முந்திக்கொண்டு படத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாள். வெளியே முக்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு சலாவுதீன் சொன்னார், "மௌத்தாப்போன மனுசன சினிமாக் கொட்டகையில போயித்தான் பாக்கணுமா? வெளிய வந்த மறுநாளே படத்துக்குப் போனாள்னு நாலு பேரு பேசுவான். காசிம் பேரையும் சேத்துத்தான் பேசுவான்."

சைனப் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

பேச்சிராஜா சொன்னபடியே நடந்தது. திங்கட்கிழமை செம்பூரில் படத்தை எடுத்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை வடாலாவிலும் இல்லை. சபா ஆபீஸிலிருந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் போனில் தேடினாள். பின்னால் வீட்டு டிவியில் வருமே, அப்போது பார்த்துக்கொள்ளலாமா என்று உம்மாவைச் சமாதானப்படுத்தப் பார்த்தாள். ஆனால் அவளுக்கே அது நிச்சயமில்லை. கடைசியில் செவ்வாய் சாயங்காலம் கல்லி முனையில் பேச்சிராஜாவை நிறுத்திக் கேட்டாள். ஓடாத படத்தை யார் வாங்குவார்கள், சில படம் பெட்டிக்குள்ளேயே கிடந்து போகும் என்றான் அவன். எதற்குக் கேட்கிறாய் என்றான். அவள் சொன்னாள்.

பேச்சிராஜா அவளோடு நடந்து வந்து திரைக்கு வெளியே நின்றான். சின்ன வயசில் அந்த வீட்டில் நோன்புக் கஞ்சி குடித்து வளர்ந்தவன்.

"சின்னம்மா, நம்ம பாய் அதுல வாராருன்னு எனக்குத் தெரியாது. வீடியோவ வேணா எடுத்துர்றேன்."

"படம் நல்லால்லன்னா நல்லால்லன்னுதானப்பா சொல்லணும்," என்றாள் சைனப் உள்ளேயிருந்து. பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக் கேட்டாள். "அவுஹ வார எடம் எப்படி இருந்துச்சு? ஜனங்க ஏதாச்சும் சொன்னாங்களா?"

அவன் தலையைச் சொறிந்தான். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கைதட்டினார்கள் என்று சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள்.

"பட்டறை சீன் வந்ததே எனக்கு ஞாபகமில்ல சின்னம்மா. அப்ப போன் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன்."

சைனப் அவனைக் கோபிக்கவில்லை. அவளுக்குக் கோபிக்கத் தோன்றவில்லை. போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவிட்டாள். ஆனால் அன்று தொழுகையில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. காசிம் அத்தனை தடவை சொல்லிப் பார்த்த நாலு வார்த்தை, இருந்த கொஞ்சம் பேர் முன்னாலும் யாரும் பார்க்காமல் ஓடிப்போயிருக்கிறது. சனி, ஞாயிறு முழுக்க அந்தப் படத்தைப் பற்றி அவ்வளவு பேர் அவ்வளவு பேசினார்கள், அதில் அவர் ஒரு சொல்லாகக்கூட இல்லை. நாமாவது பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் அவள் முடிவு செய்தாள்.

புதன்கிழமை மத்தியானம் பேச்சிராஜா சபாவுக்குச் செய்தி அனுப்பினான். மும்பையில் எங்கேயும் இல்லை, சான்பாடா பக்கம் ஒரு மாலில் மட்டும் வியாழக்கிழமை காலை ஒரே ஒரு காட்சி. அதுவும் டிக்கெட் போகாவிட்டால் ரத்து செய்துவிடுவார்கள், உடனே எடு என்று எழுதியிருந்தான். சபா எடுத்தாள்.

வியாழக்கிழமை காலை சைனப் குளித்து, வெளுத்த துணி உடுத்தி, புர்காவைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். நான்கு மாத வெளிச்சம் ஒரேயடியாகக் கண்ணில் குத்தியது. கல்லியில் முப்பிடாதியம்மாள், பேச்சிராஜாவின் அம்மா, பைப்படியிலிருந்து எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை. மகன் சொல்லியிருக்க வேண்டும்.

சுனாபட்டியில் ரயில் ஏறினார்கள். மான்குர்த் தாண்டி ரயில் கடல் பாலத்தில் ஏறுகிறபோது சபா உம்மாவின் பக்கம் திரும்பினாள்.

"உம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும். படத்துல வாப்பா குரல் இல்ல. வேற யாரோ பேசியிருக்காங்க. டப்பிங் பண்ணிட்டாங்க."

சைனபுக்கு முதலில் விளங்கவில்லை. சபா இன்னொரு முறை சொன்னாள். ஆள் வாப்பாதான், வாயும் அசைகிறது, பேசுவது மட்டும் சென்னைக்காரன் எவனோ. இறந்துபோனதால் கூப்பிட முடியாமல் செய்தார்களா, இல்லை அதற்கு முன்னாலேயே செய்துவிட்டார்களா என்று தெரியவில்லை. அதைச் சொன்னால் உம்மா போகவே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துதான் இத்தனை நாள் சொல்லாமல் இருந்தாள்.

பாலத்துக்குக் கீழே தண்ணீர் வற்றிச் சேறாகக் கிடந்தது. சைனப் அதைப் பார்த்தபடி இருந்தாள். வாஷியில் கூட்டம் இறங்கியது. இறங்கித் திரும்பிவிடலாமா என்று சபா மெதுவாகக் கேட்டாள். வேண்டாம் என்று சைனப் தலையசைத்தாள்.

தியேட்டரில் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். ஒரு வயசான தம்பதி, தூக்கத்துக்கு வந்தவன்போல் காலை நீட்டியிருந்த ஒருவன். பின் வரிசையில் பேச்சிராஜா, கொரியர் கம்பெனிச் சட்டையோடு. இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பக்கத்தில் வரவில்லை.

படம் கல்லிப் பையன்கள் சொன்ன மாதிரிதான் இருந்தது. சைனப் எதையும் மனசில் வாங்கவில்லை. கதாநாயகன் ரயிலிலிருந்து இறங்கி, நெருக்கியடிக்கிற கல்லிகளில் நடந்து, குனிந்து ஒரு வாசலுக்குள் நுழைந்தான். உள்ளே காசிம் திரும்பிப் பார்த்தார்.

சைனப் மகளின் கையை இறுக்கினாள். அவ்வளவு பெரிய முகத்தை அவள் பார்த்ததில்லை. இடது புருவத்தில் தழும்பு தெரிந்தது. தாடியில் வெள்ளை தெரிந்தது. அவர் வாயைத் திறந்தார். கனத்த, வழவழவென்ற ஒரு குரல், "டேய் தம்பி," என்று ஆரம்பித்தது.

சைனப் மகளின் கையை விட்டுவிட்டு இரண்டு உள்ளங்கையாலும் தன் காதுகளை அழுத்திப் பொத்திக்கொண்டாள். அப்படியே கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள். அவர் உதடு 'ஏலே' என்றுதான் பிரிந்தது. அடுத்த சொல்லும் அவர் சொல்தான். அதட்டலும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், வீட்டில் ஒரு தடவைகூட சொல்லிக் காட்டாத ஒரு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு கத்தியைப் பையன் கையில் கொடுத்தார், பிடியை அவன் பக்கமாகத் திருப்பி. அந்தக் கத்தியை எடுக்க அவர் குனிந்து நிமிர்கிறபோது ஒரு நொடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றதை சைனப் பார்த்தாள். பட்டறை போய்விட்டது. வேறு இடம் வந்துவிட்டது.

அவள் காதிலிருந்து கையை எடுக்க நேரமாயிற்று. சபா அழுதுகொண்டிருந்தாள். சைனப் அழவில்லை. இடைவேளையில் போகலாம் என்றாள். படியேறி வெளியே வரும்போது பேச்சிராஜா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பாத்தேன் சின்னம்மா," என்றான். அவள் அவன் தோளைத் தொட்டுவிட்டு நடந்தாள்.

வீடு திரும்பியபோது வாசலில் சலாவுதீன் உட்கார்ந்திருந்தார். தன் கடையை அடைத்துவிட்டு வாரநாளில் அவர் வந்ததே கிடையாது. கல்லியில் யாரோ சொல்லியிருப்பார்கள். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து சபா முன்னால் போய் நின்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"என்ன சட்ட போட்டிருந்தான்?"

"நீலக் கட்டம்," என்றாள் சைனப். "கைய மடிச்சு விட்டிருந்தாஹ."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தச் சட்டை அவருக்குத் தெரிந்திருந்தது. சற்றுப் பொறுத்து, நல்லா இருந்தானா என்று கேட்டார்.

சைனப் கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டாள். இதைச் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம் என்று ரயிலில் நினைத்திருந்தாள். ஆனால் கேட்டது காசிமோடு கூடப்பிறந்தவர்.

"மெலிஞ்சுதான் இருந்தாஹ மச்சான். குனிஞ்சு நிமிர்றதுக்கே மேஜையப் பிடிக்கிறாஹ. அப்பவே முடியாம இருந்திருக்கு. கூட இருந்த நமக்குத்தான் தெரியல."

சலாவுதீன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பெரிய உடம்பு, சத்தமில்லாமல் குலுங்கியது. சபா திகைத்துப்போய் நின்றாள். வாப்பாவை அடக்கம் செய்த அன்றுகூட அவர் இப்படி அழுது அவள் பார்த்ததில்லை.

சைனப் புர்காவைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். வாசல் திரையை ஒரு பக்கமாக ஒதுக்கிக் கட்டினாள். அடுப்பைப் பற்றவைத்து அரிசியைக் களைந்து போட்டாள்.

"உள்ள வந்து உக்காருங்க மச்சான்," என்றாள். "சாப்பிட்டுட்டுப் போகலாம்."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முக்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.