அத்தை கொடுத்த மரியாதை

அத்தை என்னைப் பார்த்து "வாங்க, உக்காருங்க" என்று சொன்ன அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. இருபத்தாறு வருஷமாக என் மாமியார் வாயில் எனக்கு வேறு பேர். "கலவைமண்டை வந்துட்டான், சோத்தைப் போடு" என்பார். கான்கிரீட் போடுகிறவனுக்கு வேறென்ன பட்டம் கிடைக்கும்?

அத்தைக்குக் காலில் புண் சீழ் வைத்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து எட்டு நாள். புண் ஆறிக்கொண்டு வந்தது. ஆள்தான் தேய்ந்துகொண்டே போனார். கண் திறந்தால் இல்லாத நூலை விரலால் இழுப்பார். பெற்ற மகளையே "நீ யார் வீட்டுப் பொண்ணு?" என்று கேட்டார்.

"மறதி வியாதி. வயசாயிடுச்சில்ல," என்றார் டாக்டர், ஃபைலை மூடிக்கொண்டே. மச்சான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். முதியோர் காப்பகத்தில் இடம் பார்த்தாயிற்று, மத்தியானம் வண்டி வரும், கையெழுத்துதான் பாக்கி.

"இத்தனை அவசரம் எதுக்கு மச்சான்?"

"நீ வச்சுப் பார்த்துக்குவியா மாப்ள? எங்கம்மாவுக்கும் உனக்கும் ஏழாம் பொருத்தம்."

எனக்கு மனசு ஒப்பவில்லை. சேர்த்த அன்றைக்கு டாக்டரிடமே "ஊசியை எங்க குத்தணும்னு நான் சொல்லித்தரட்டுமா?" என்று கேட்ட பொம்பளை. எட்டே நாளில் ஒரு புத்தி கரையுமா? மச்சான் மேல் சந்தேகம். டாக்டர் மேல் சந்தேகம். மாத்திரை மேல் அதைவிடச் சந்தேகம். முதல் நாள் இரண்டு கொடுத்தார்கள். இப்போது ஏழு.

கட்டிலோரப் பெட்டியிலிருந்த மாத்திரை அட்டைகளை அள்ளிக்கொண்டு, கீழே மருந்து கொடுக்கிற அம்மாவிடம் போனேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு, நாலை ஒரு பக்கமும் மூன்றை ஒரு பக்கமும் ஒதுக்கினார்.

"வயசு?"

"எழுபத்தெட்டு."

"இது அரிப்புக்கு. இது அடிக்கடி ஒண்ணுக்குப் போறதுக்கு. இது தூக்கத்துக்கு. தனித்தனியா பார்த்தா தப்பாத் தெரியாது. இந்த வயசுல மூணும் சேர்ந்தா புத்தி குழம்பிடும். யாரு எழுதினது?"

"அதைத்தாம்மா நானும் தேடுறேன்."

எனக்கு விளங்கியது. கலவை இறுகிவிட்டதென்று தண்ணீர், தண்ணீர் கூடிவிட்டதென்று சிமெண்ட். ஆளாளுக்குக் கொட்டினால் தளம் நிற்குமா?

அந்த அம்மாவே மாடிக்கு வந்தார். டாக்டர் முகம் சுருங்கியது. ஆனால் மருந்துச் சீட்டை வாங்கிப் படித்தார். "அரிப்பு மாத்திரையை அப்பவே நிறுத்தியிருக்கணும். யாரும் பார்க்கலை," என்று இரண்டை அடித்தார். மூன்றாவதில் பேனா நின்றது.

"தூக்க மாத்திரை, இவங்க ஆளுங்க கேட்டு எழுதினது," என்று நர்ஸின் நோட்டை என் பக்கம் திருப்பினார்.

என் மனைவிக்குப் படிக்கத் தெரியாது. தோளருகே வந்து நின்றாள். "யாருங்க கேட்டது? எங்க அண்ணனா?"

நாற்பது வயசுக்கு மேல் எழுத்துக் கற்றவன் நான். ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிப்பேன். இதற்கு அந்த வேலையே இல்லை. இரண்டாம் ராத்திரி அத்தை விடிய விடியக் கத்தினார். எனக்கோ காலையில் தளம் போடுகிற வேலை. "எதையாவது குடுத்துத் தூங்க வைங்கம்மா" என்று நான்தான் கெஞ்சினேன். மறுநாளிலிருந்து அமைதி. அந்த அமைதி எனக்குப் பிடித்தும் இருந்தது.

"படிங்க."

பொய் சொல்லலாம். மச்சான் என்று சொன்னால் நம்பிவிடுவாள். பாதி நம்பிக்கொண்டுதான் நிற்கிறாள்.

"மருமகன் கேட்டதால் தூக்க மாத்திரை. அன்றிலிருந்து தினமும்," என்று படித்தேன்.

டாக்டர் அந்த மாத்திரையைப் பாதியாக்கினார். "கொஞ்சம் கொஞ்சமா நிறுத்திருவோம். ஒரு வாரம் பார்ப்போம். அதுவரைக்கும் எங்கயும் அனுப்பாதீங்க. தெளிவு வரலாம், வராமலும் போகலாம்."

மச்சான் கையிலிருந்த தாளை மடித்தார். "அப்ப ராத்திரிக்கு மாப்ளயே கூட இருக்கட்டும்."

"வேண்டாம்ணே," என்றாள் என் மனைவி. என்னைப் பார்க்காமலே சொன்னாள். "அம்மாகிட்ட நான் இருந்துக்கிறேன். இவர் வீட்டுக்குப் போகட்டும்."

வண்டிக்காரரைத் திருப்பி அனுப்ப நான்தான் கீழே இறங்கினேன்.