உள்ளே போன கை

மலேசியாவில், ஈப்போ பக்கத்து லகாட் ரப்பர் தொழிற்சாலையில், வேலை வேகமாக நடக்கட்டும் என்று உருளை மெஷினின் தடுப்புக் கம்பியைக் கழற்றிப் போட்டிருந்தார்கள். திரும்ப மாட்டவே இல்லை. அந்த மெஷினில்தான் தர்மாவின் வலது கை மணிக்கட்டோடு போனது.

அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு விசாரணை அதிகாரி ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்தார். மலாய்க்காரர். கூடவே சூப்பர்வைசர் சீனியும் வந்தார். தர்மாவுக்கு மலாய் நன்றாகவே வரும். ஆனால் மருந்து மயக்கத்தில் அன்று தமிழ்தான் வந்தது.

"ரப்பர் இழுத்துச்சுண்ணே. கையும் உள்ள போயிருச்சு."

சீனி அதிகாரியிடம் திரும்பி அதை மலாயில் சொன்னார். "டியா மாசோக்கான் தாஙான்."

அவன் கையை உள்ளே விட்டான் என்று அர்த்தம். கட்டிலருகே நின்ற தர்மாவின் மனைவி புஷ்பலதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, மாசோக்குன்னு சொல்லுங்க, உள்ள போச்சுன்னு. மாசோக்கான்னா அவரே விட்டாருன்னு ஆயிரும்லா!"

"ரெண்டும் ஒண்ணுதான்லா புஷ்பா. கை உள்ளதானே போச்சு?"

அவள் அதிகாரியிடமே மலாயில் சொன்னாள். தடுப்பு இல்லாததையும் சொன்னாள்.

"நீங்கள் அப்போது அங்கே இருந்தீர்களா?" என்று அவர் தணிந்த குரலில் கேட்டார்.

இல்லை என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, சீனி சொன்னதையே எழுதிக்கொண்டார்.

மறுநாளே மெஷினில் தடுப்பு மாட்டிவிட்டதாக, தர்மாவோடு வேலை செய்பவர் ஒருவர் புஷ்பலதாவிடம் போனில் சொன்னார். சாட்சி சொல்ல வருவீர்களா என்று கேட்டாள். அவர் தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடச் செலவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

தர்மா வீடு திரும்பியதும், ஆயர் தாவாரிலிருந்து அவள் அண்ணன் ஐயாவு பார்க்க வந்தார்.

"இத்தன வருச சர்வீஸ் உள்ள ஆளு, ஏன் மச்சான் கைய விட்டீங்க?"

"விடலண்ணே, இழுத்துருச்சு," என்றாள் புஷ்பலதா.

"ஆமா, ஆமா," என்றவர், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே யாருக்கோ போனில், "கைய விட்டுட்டாராம்லா," என்று சொல்லிக்கொண்டு போனார்.

எப்படி ஆச்சு என்று பக்கத்து வீட்டு முத்தம்மா கேட்டபோது தர்மாவே பதில் சொன்னான்.

"நாந்தான் கைய விட்டுட்டேன்க்கா."

அவர் போனதும் புஷ்பலதா கதவைச் சாத்தினாள். "ஏங்க அப்படிச் சொன்னீங்க? ரப்பர் இழுத்துச்சுன்னு உங்க வாயாலதானே சொன்னீங்க?"

"சொன்னேனா?" அவன் யோசித்தான். "தெரியல புஷ்பா. எல்லாரும் சொல்றாங்கல்ல. விட்டிருப்பேன் போலருக்கு."

இடது கையில் கரண்டி நிற்காமல் சோறு மடியில் சிந்தியது. அவள் கரண்டியை வாங்கி ஊட்டினாள்.