துண்டிக்க முடியாத அழைப்பு

காலையில் கணவரோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்தேன். அவர் ஐந்து முறை கூப்பிட்டார். நான் போனை எடுக்கவே இல்லை. கணினிப் பழுதுக்கு வழி சொல்லும் உதவி மையத்தில் எனக்கு வேலை. பத்தரை மணிக்கு ஹெட்செட்டிலும் அவர் குரலே வந்தது.

"மானிட்டர்ல ஒண்ணுமே தெரியல மேடம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பிரச்சினை தீர்ந்தது என்று வாடிக்கையாளர் வாயால் சொல்லும்வரை நாங்கள் இணைப்பைத் துண்டிக்கக் கூடாது. இந்த விதி அவருக்கும் தெரியும்.

"மானிட்டர்ல லைட் எரியுதா சார்?"

"ஆரஞ்சு கலர்ல விட்டு விட்டு எரியுது."

"அப்போ கரண்ட் வருது, சிக்னல்தான் வரல. கேபிள் ரெண்டு பக்கமும் சரியா இருக்கா பாருங்க."

"சிபியு பக்கம் கழண்டு தொங்குது."

"யாரு கழட்டினது?"

"நான்தான். இதுக்கு முன்னாடி நாலு பேர் எடுத்தாங்க. உன் குரல் இல்லைன்னு வச்சுட்டேன்."

எவனோ பேசாமலே வைக்கிறான் என்று பக்கத்து இருக்கைக்காரி காலையிலிருந்து திட்டிக்கொண்டிருந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

"சொருகுங்க சார். படம் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"அப்போ பிரச்சினை தீர்ந்துடுச்சா?"

"அதை நீதான் சொல்லணும்."