உறை செத்த தொட்டி

கிழக்கு வெளுக்கும் முன்பே சங்கிலிப்பாண்டி தொட்டிக் கரையில் நின்று நீளக் கம்புச் சல்லடையால் நுரையை அள்ளிக்கொண்டிருந்தான். தோள்பட்டை கழன்று விழுவதுபோல வலித்தது. அள்ள அள்ளப் பொங்கியது.

கோவில்பட்டிக்கு வெளியே கரிசல் காட்டுக்குள் இருந்தது அந்தச் சாயப்பட்டறை. அதன் இரண்டு தொட்டிகளில் பாக்டீரியாக்கள் சாயக்கழிவைத் தின்று தண்ணீரைத் தெளியவைக்கும். தயிர் உறை மாதிரி என்பதால் ஆட்களுக்கு அது ‘உறை’. முதல் தொட்டியில் உறை செத்தபோது, இரண்டாவதிலிருந்து அள்ளி அதில் ஊற்றியவன் சங்கிலிப்பாண்டிதான். உறை ஒட்டியிருக்கட்டும் என்று வாளியைக் கழுவாமலே வைத்திருப்பது அவர்கள் வழக்கம். இப்போது இரண்டாவதும் செத்துப்போயிற்று.

முதலாளி பூவனநாதன் வந்தார்.

“ஏலே, தொட்டியக் கெடுத்தது நீதான? ஓடைப்பக்கத்து வால்வத் தொறந்து விடு, கழிவு ஓடையில போவட்டும். இல்லன்னா போலீஸ்ல புடிச்சுக் குடுத்துருவேன்.”

ஓடை அவன் ஊர்க் குடிதண்ணீர்க் கிணற்றை ஒட்டிப் போகிறது. திறந்தால் ஊருக்கு விஷம், திறக்காவிட்டால் ஜெயில். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். வால்வுச் சக்கரத்தைப் பிடித்தபடி நின்றான்.

பட்டறையில் தண்ணீரைச் சோதிக்கும் சத்யபிரியா ஓடிவந்தாள்.

“அவர ஏன் சொல்லுதீங்க அண்ணாச்சி? பாக்டீரியாவுக்கும் வைரஸ் வரும். உள்ள புகுந்து பெருகி, அத வெடிக்க வச்சிட்டு அடுத்ததுல தாவும். காலேஜ்ல சோதிச்சுச் சொல்லிட்டாங்க. தொட்டிக்குக் கழிவு விடுறத நிறுத்துங்க, ரெண்டு தொட்டிக்கும் ஒரே வாளியப் பொழங்க விடாதீங்கன்னு மொதத் தொட்டி செத்தப்பவே உங்ககிட்ட சொன்னேம்லா?”

“எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!” என்றான் சங்கிலிப்பாண்டி.

“சொன்னா பட்டறைய மூடணும்பீங்க. லோடு யாருல அனுப்புவா?” என்றார் பூவனநாதன்.

மறைத்தவருக்கு நாற்காலி, கழுவாதவனுக்குப் போலீஸ்! நல்ல நியாயம்.

“வாளியக் கழுவாதது என் தப்புதான். அதுக்காவ வால்வத் தொறக்க மாட்டேன்.”

சாயம் முக்கும் முத்துத்தாய் ஈரக்கையோடு வந்து வால்வை மறித்து உட்கார்ந்தாள். அவள் பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். சத்யபிரியாவும் உட்கார்ந்தாள்.

“எல்லாரும் வெளிய போங்க! நாளைக்கே கழுகுமலையிலருந்து ஆள் எறக்குதேன்,” என்று கத்தினார் பூவனநாதன்.

“எறக்குங்க அண்ணாச்சி. அவியகிட்டயும் சொல்லுதோம்,” என்றாள் முத்துத்தாய். “அவிய புள்ளைகளுந்தான தண்ணி குடிக்குது?”

பூவனநாதன் வெளியே போய், அவர்களை உள்ளே வைத்தே கேட்டைப் பூட்டச் சொன்னார். பூட்டு விழுந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை. சங்கிலிப்பாண்டி சக்கரத்திலிருந்து கையை எடுத்தான். முத்துத்தாய் நகர்ந்து அவன் உட்கார இடம் விட்டாள்.