நூற்றைத் தாண்டிய சாறு

ஆலங்காயம் சாலையில் இருந்த சோதனைத் தோட்டத்தில் அன்று மாலை கரும்பை எரிக்கப் போகிறார்கள். 2006, மாசி மாதம். மரபணு மாற்றி நட்ட கரும்பு. ரத்தத்தில் மெதுவாக ஏறும் வேறொரு சர்க்கரை அதில் ஊற வேண்டும் என்று கம்பெனி எதிர்பார்த்தது. இரண்டு வருடமாக எந்தக் கரும்புத் தூரிலும் ஊறவில்லை. கடைசிச் சாறுகளைச் சோதித்துவிட்டால், தோட்டத்து லேபில் இருக்கும் ஃபீபியின் வேலை முடிந்தது.

ஓடைப் பக்கத்துத் தூரின் சாற்றைப் போலாரிமீட்டரில் வைத்தாள். சாற்றின் வழியே ஒளி எவ்வளவு திரும்புகிறதோ, அந்த அளவுக்குச் சர்க்கரை. சாற்றில் கரைந்திருப்பதில் நூற்றுக்கு எவ்வளவு சர்க்கரை என்று தூய்மைக் கணக்குப் போட்டால் நூற்றுப் பதினான்கு வந்தது. கரைந்திருப்பதைவிடச் சர்க்கரை எப்படி அதிகமாக இருக்கும்? தப்பு தன்னுடையதுதான் என்று குழாயைக் கழுவி மறுபடி வைத்தாள். அதேதான்.

சர்க்கரை ஆலை லேபில் தலை நரைத்து இங்கே பொறுப்பாளராக வந்த கோதண்டபாணி எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, கரும்புக்குப் போனஸ் மார்க் போடறியா?"

"நல்லா கழுவிட்டேன் சார்."

"கழுவல. ஆலையில நூறு தாண்டுனா சாத்தைக் கொட்டிடுவோம். கொட்டிட்டுக் கெளம்பு, சாயங்கால கிளாஸுக்கு லேட்டாவும்."

போன வாரம் அவள் அப்படித்தான் கொட்டினாள். அதுவும் இதே தூரின் சாறு.

கடைச் சர்க்கரையைக் கரைத்து வைத்துப் பார்த்தாள். கணக்குச் சரியாக வந்தது. அப்படியானால் கருவியும் சரி, கையும் சரி. கம்பெனி தேடிய அந்த வேறு சர்க்கரை ஒளியைக் கூடுதலாகத் திருப்பினால்? அப்படி அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அதனாலேயே நம்பப் பயமாக இருந்தது.

ஜன்னலில் புகை வாசனை வந்தது. தோட்ட வேலை பார்க்கும் செண்பகம் மேற்கிலிருந்து கொளுத்திக்கொண்டே வந்தாள். ஃபீபி ஓடினாள்.

"அக்கா, ஓடையாண்ட இருக்கறத வுட்டுடு!"

"இன்னாடி பேஜாரு உன்னோட! சாரு எல்லாத்தையும் கொளுத்தச் சொல்லிக்கீறாரு."

பின்னாலேயே கோதண்டபாணி மூச்சிரைக்க வந்தார். "அதுல புதுச் சர்க்கரை கீதுன்னு உறுதியா சொல்வியா?"

"தெரியல சார். என் தப்பாக்கூட இருக்கலாம்."

"அப்புறம் இன்னாத்துக்கு இந்த ஓட்டம்?"

"ரெண்டு கரும்ப கோயம்புத்தூர் லேபுக்கு அனுப்பலாம் சார். தப்புன்னா நானே வந்து கொளுத்தறேன்."

அவர் தீயைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வரப்புல தண்ணி ஊத்துங்க மொதல்ல."

செண்பகம் குடத்தைத் தூக்கினாள். ஃபீபி தூரைச் சுற்றிக் கிடந்த சருகை வாரி எறிந்தாள். தீ ஈர வரப்பில் வந்து நின்றது. ஓரத்துத் தோகை கருகியதோடு சரி.

கோயம்புத்தூரிலிருந்து பதில் வந்தபோது கோதண்டபாணி நின்றபடியே படித்தார். புதுச் சர்க்கரை இருந்தது.

"ரெண்டு வருசமா இந்த மாதிரி எத்தனை தூரோட சாத்தைக் கொட்டிருப்போம்மா?" என்றார்.

அவள் ஜன்னல் வழியே பார்த்தாள். எரிந்துபோன மீதித் தோட்டத்தில் உழவு நடந்துகொண்டிருந்தது.