வசனத்தாளைக் கவ்வியிருந்த கிளிப்

எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த ஸ்கேன் அறைக்குள் குண்டூசியைக்கூடக் கொண்டுசெல்லலாகாது என்று எச்சரிக்கும் படத்துக்கு வசனம் எழுதியவன் நான். படம் பிடித்தவன் என் தங்கை மகன். முப்பத்தாறு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று பழகியவன் என்பதால், நோயாளியின் உறவினராக என்னையே நடிக்கச் சொன்னான். கேமராவும் முக்காலியும் கண்ணாடிச் சன்னலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பது ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் கட்டளை.

“மெஷின்தான் தூங்குதே அக்கா? ஒரே ஒரு குளோசப்,” என்று அவன் கெஞ்சினான்.

“இது தூங்கவே தூங்காது தம்பி. படம் எடுக்காதப்பவும் இழுக்கும். உன் கேமரா உள்ள வந்துச்சுன்னா, உன் மாமா உனக்கு இரங்கல் வசனம்தான் எழுதணும்.”

பிறகு, உலோகம் காட்டும் கோலுடன் என்னிடம் வந்தாள். “சார், பையில ஏதாச்சும் இருக்கா?”

சாவி, கைக்கடிகாரம், பேனா ஆகியவற்றை முன்னரே தட்டில் வைத்திருந்தேன். “வெறும் காகிதம்தான்.”

“ஒரு தடவ பாத்துடறேனே.”

“இந்த விதிய எழுதினவனே நான்தாம்மா. என்னையே சோதிக்கணுமா?”

என் குரல் உயர்ந்தது. அவள் கோலைத் தாழ்த்தினாள்.

அவள் பின்னாலேயே நானும் உள்ளே போனேன்; வெளியே கேமரா ஓடத் தொடங்கியது. அவள் எந்திரத்தின் வாயருகில் குனிந்து, படுக்கையைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நான் பேச வேண்டிய அடுத்த வரியில் எனக்கு ஐயம் எழுந்தது. கால்சட்டையின் பின்பையிலிருந்து வசனத்தாள்களை உருவினேன். அவற்றைக் கவ்வியிருந்த எஃகுக் கிளிப் கையைவிட்டுப் பாய்ந்தது. அவளுடைய புருவத்தைக் கிழித்துக்கொண்டு எந்திரத்தின் குடைவுக்குள் போய் ஒட்டிக்கொண்டது. காகிதத்தை நினைத்தேன், கிளிப்பை நினைக்கவில்லை.

நான்கு தையல்கள் போட்டார்கள். மேற்பார்வையாளர் கிளிப்பைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளுடைய கோப்புகளிலும் அதே வகைக் கிளிப்கள்தாம் இருந்தன.

“உன் ஃபைல்லேர்ந்துதானே விழுந்திருக்கு? பதினோரு வருஷ அனுபவத்துக்கு இதுதான் லட்சணமா?”

குனிந்திருந்தவள் எதையும் கண்டிருக்கவில்லை. “இருக்கலாம் சார்,” என்றாள்.

கலைந்த தாள்களுடன் நான் வாயடைத்து நின்றேன். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளிடம் சொன்னார்கள். அப்போதும் நின்றேன்.

மறுநாள் காலையில் தங்கை மகன் மடிக்கணினியைத் திறந்தான். கண்ணாடி வழியே யாவும் பதிவாகியிருந்தன: என் கை, என் தாள்கள், பளிச்சென்று பாய்ந்த ஒரு புள்ளி.

“அழிச்சிடவா மாமா? வேற யாரும் இன்னும் பாக்கல.”

பொய் சொன்ன பிள்ளைகளை எத்தனையோ முறை பெஞ்சின்மேல் ஏற்றியவன் நான். அன்று ‘வேண்டாம்’ என்னும் ஒற்றைச் சொல் என் வாயில் வரவில்லை. “சாப்பிட்டுட்டுப் பேசலாம்,” என்றேன். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். கையைக் கழுவிக்கொண்டு, “எடுத்துக்கிட்டு வாடா, போகலாம்,” என்றேன்.

மேற்பார்வையாளரின் மேசையெதிரே, விசாரணைக்காக வந்து, புருவத்தில் கட்டுடன் அவள் நின்றிருந்தாள். படத்தை ஓட்டச் சொல்லிவிட்டு, “கிளிப் என்னுது. நேத்தே சொல்லியிருக்கணும்,” என்றேன். அவர் இருமுறை பார்த்தார். என்னை ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கோலைக் கையில வச்சுக்கிட்டே தடவாம விட்டேனே சார்,” என்று அவரிடம்தான் சொன்னாள். “பெரியவர் கோவிச்சுக்கிட்டார்னு பயந்துட்டேன். அது என் தப்புதான்.”

ஒரு தாள் கேட்டு வாங்கினேன். கிளிப் என்னுடையது, மௌனமும் என்னுடையது, அவளுடைய அச்சமும் நான் விளைவித்ததே என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவளைத் திரும்பவும் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் மீண்டும் படப்பிடிப்பு. அறை வாசலில் கோலுடன் நின்றாள்.

“கையத் தூக்குங்க சார்.”

தூக்கினேன்.

“திரும்புங்க.”

திரும்பினேன். பின்பையருகில் கோல் இருமுறை போய்வந்தது.

“அடுத்து பெஞ்சு மேல ஏறச் சொல்லுவாங்க மாமா!” என்று வெளியிலிருந்து குரல் கேட்டது.

எல்லாரும் சிரித்தனர். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். தையல் இழுக்கவே, பாதியில் நிறுத்திக்கொண்டு புருவத்தை விரலால் அழுத்தினாள்.