கீழே போனால் சரியாகிவிடும்

அக்கா கையுறையைக் கழற்றாமலே டம்ளரை வாங்கினாள். கம்பளி வழுக்கியது. பாதித் தேநீர் போர்வையில் கொட்டிற்று.

"கழட்டிட்டுத்தான் குடியேன்" என்றாள் சின்னவள்.

"குளி... ருது."

அந்த ஒரு சொல்லுக்கு நடுவில் அக்கா மூச்சு இழுத்துக்கொண்டாள். சின்னவளுக்கு அது காதில் விழுந்தது. விழாதவள் போலத் துண்டை எடுத்து ஈரத்தை ஒற்றினாள். கூடாரத் துணியின் வழியாக வந்த காலை வெளிச்சம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. அந்த வெளிச்சத்தில் யார் முகமும் தெம்பாகத்தான் தெரியும்.

அவர்கள் மேலே வந்து இது மூன்றாவது காலை. வெளியே ஓர் ஏரி, கட்டையான புல், அங்கங்கே கல். மரம் என்று ஒன்று கிடையாது. இதற்கு மேல் நம்மால் ஆகாது என்று மரங்களெல்லாம் வெகு கீழேயே நின்றுவிட்டிருந்தன.

அக்கா பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில், தலை நரைக்கும் வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். சின்னவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். அக்காவுக்குக் கல்யாணம் அமையவில்லை. சின்னவளுக்கு அமைந்து, பிறகு இல்லாமல் போயிற்று. அதன்பின் இருவரும் ஒரே வீட்டில். எந்தத் தலையணை யாருக்கு என்பது வரை அங்கே அக்கா வைத்ததுதான் சட்டம். ஓய்வு பெற்றதும் அக்கா ஒரு நாய் வாங்கினாள். அடுத்தவர் வேலை செய்வதைக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு பார்ப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லாததால் மேனேஜர் என்று பெயர் வைத்தார்கள். பிறகு கூடாரம் வாங்கினாள். பள்ளி விடுமுறை விட்டதும் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு மூவரும் கிளம்பினார்கள்.

மலையின் பாதி உயரத்தில் ஒரு நாளாவது தங்கி, உடம்பைக் காற்றுக் குறைவுக்குப் பழக்கிக்கொண்டுதான் மேலே ஏற வேண்டும். சின்னவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே அக்காதான். ஆனால் பாதி வழியில் இருந்த விடுதிக்காரர் மேனேஜரைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார். "நாய் வேன்லயே கிடக்கட்டும்மா, ஒரு ராத்திரிதானே?"

"அவனுக்கு இடமில்லன்னா எங்களுக்கும் இடமில்ல" என்று சொல்லிவிட்டு அக்கா ஏறி உட்கார்ந்துகொண்டாள். "ஓட்டு குட்டி. வெளிச்சம் இருக்கறப்பவே மேல போயிடலாம்."

ஐம்பதைத் தாண்டியும் சின்னவள் அவளுக்குக் குட்டிதான். குட்டி ஓட்டினாள்.

அன்று சாயங்காலம் அக்கா ஏரிக்கரையில் ஒரு கல்லின் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். குளிர் உறைக்க ஆரம்பித்தும் எழுந்திருக்கவில்லை. "பெல் அடிக்காத இடத்துக்கு இப்பதான்டி வந்திருக்கேன்" என்றாள். சின்னவளுக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டில் குக்கர் விசில் அடித்தால்கூட, "எந்தப் பெட்?" என்று எழுந்துவிடுகிறவள் அவள்.

மறுநாள் தலைவலி. அதற்கு மறுநாள் வறட்டு இருமல். "தூசி" என்றாள். ஏரியைச் சுற்றி நடக்கப் போனவள் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள்; ஒவ்வொரு தடவையும் ஷூ கயிற்றைக் கட்டுவது போல. ராத்திரி முழுக்கப் படுக்கவே இல்லை, பைகளை முதுகுக்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்தே இருந்தாள்.

இப்போது மேனேஜர் கூடாரத்தின் வாயிலில் நின்றது. எப்போதும் அக்காவின் கால்மேல் படுக்கிற நாய். இன்று உள்ளே வரவில்லை. தலையைச் சாய்த்து, காதைத் தூக்கி, சுவருக்குள் எலி ஓடினால் பார்க்குமே, அப்படி அக்காவின் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தது.



"அக்கா, இறங்கிடலாமா?"

"மத்தியானம்... பாக்கலாம்."

"மூச்சு ஒரு மாதிரி இருக்கே."

"நீ நர்ஸா, நான் நர்ஸா?"

வீட்டில் எந்தக் காய்ச்சலையும் எந்த வாதத்தையும் முடித்துவைக்கிற கேள்வி அது. இன்றும் முடித்துவைத்தது. ஆனாலும் சின்னவள் விடவில்லை. "விரல்ல மாட்டி ஆக்சிஜன் பாக்கற அந்த மெஷினை வெச்சாவது பாரேன். கொண்டுவந்தியே."

"பேட்டரி போச்சு."

சின்னவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் மொள்ளப் போனாள். ஏரியின் அக்கரை காணாமல் போயிருந்தது. மூடுபனி தண்ணீரின் மேல் தவழ்ந்து, அவசரமே இல்லாமல், இந்தக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. காற்று இல்லை, பூச்சியின் சத்தம்கூட இல்லை. இத்தனை பெரிய இடத்தில் சத்தம் போட்டால் யாருக்குக் கேட்கும் என்ற எண்ணம் அவளுக்கு அப்போதுதான் வந்தது. வந்ததும், போன நாளெல்லாம் அழகாக இருந்த ஏரியைப் பார்க்கவே பிடிக்கவில்லை. போனில் சிக்னல் எடுக்காத இடமாகத் தேடிப் பிடித்து வந்ததும் அவர்கள்தானே.

நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை.

அவள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். நாலடி வைப்பதற்குள் நெஞ்சு அடைத்தது. அக்கா கூடாரத்துக்கு வெளியே முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே புல்லில் எச்சில் துப்பியிருந்தது. நுரை. நுரையில் இளஞ்சிவப்பு.

"மூணாம் பெட்டுக்கு டிரிப் மாத்தியாச்சா?" என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"தீர்ந்துபோச்சு பாரு. யாருமே... பாக்கறதில்ல."

ஆரஞ்சுத் துணி நடுவில் இல்லாத வெளிச்சத்தில் அக்காவின் நீலம் பாரித்த உதட்டைச் சின்னவள் பார்த்தாள். பார்த்த பிறகு யோசிக்கவில்லை. உள்ளே புகுந்து அக்காவின் பையைக் கவிழ்த்தாள். மாத்திரை அட்டைகளுக்கும் நாயின் சீப்புக்கும் நடுவில் அந்தக் கருவி கிடந்தது. தன் விரலில் மாட்டி அழுத்தினாள். உடனே எரிந்தது. சிவப்பாக எண்கள் ஓடி நின்றன.

பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

அக்காவின் கையைப் பிடித்துக் கையுறையை உருவினாள். அக்கா கையை மடக்கிக்கொள்ளப் பார்த்தாள். அதற்கும் தெம்பு இல்லை. நகங்கள் மையில் முக்கி எடுத்தது போல இருந்தன. கருவியை மாட்டினாள். அது வெகுநேரம் யோசித்தது. பிறகு, தன் விரலில் காட்டியதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே ஓர் எண்ணைக் காட்டியது.

"நல்லாத்தானே இருக்கு. பேட்டரி போச்சுன்னு சொன்னியே."

அக்கா அவளைப் பார்த்தாள். ஒரு கணம் முழுதாகத் தெளிந்த பார்வை.

"திட்டாதடி குட்டி."

அக்காவை அவள் இதுவரை ஒரு வார்த்தை திட்டியதில்லை. திட்டலாம் என்பதே தெரியாது. உடம்பெல்லாம் சில்லிட்டுப்போனது அந்த வார்த்தையில்தான். நகத்தைப் பார்த்துக்கூட இல்லை.

"எழுந்திரு. போறோம்" என்றாள்.

வேன் சாலையோரத்தில், சரிவுக்குக் கீழே நின்றிருந்தது. வரும்போது பாட்டு முணுமுணுத்தபடி ஏறிய சரிவு. அக்காவின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பைப் பிடித்து இறக்கினாள். ஈரப்புல்லில் இருவருமாக ஒரு தடவை உட்கார்ந்துபோனார்கள். மூடுபனி சேர்ந்துகொண்டது. முன்னால் நீட்டினால் சொந்தக் கையே மங்கலாகத் தெரிந்தது. எந்தப் பக்கம் சாலை என்று புரியவில்லை. நின்று, மிச்சமிருந்த மூச்சைக் கூட்டிக் கத்தினாள்.

"மேனேஜர்!"

சற்றுக் கீழே, இடது பக்கமிருந்து குரைப்புச் சத்தம் வந்தது. நாய் வேனின் கதவருகே போய் நின்றிருக்க வேண்டும். சத்தம் வந்த பக்கமாக அக்காவை நடத்தினாள். நடத்தினாள் என்பதைவிட இழுத்தாள். கடைசியில், கைக்கெட்டும் தூரத்தில், வேனின் மஞ்சள் நிறம் தெரிந்தது.

முன்சீட்டில் அக்காவைச் சாய்த்துப் பெல்ட்டை மாட்டினாள். கூடாரம், அடுப்பு, போர்வை எல்லாம் மேலேயே கிடந்தன. நாய் பின்னாலிருந்து அக்காவின் தோள்மேல் மோவாயை வைத்துக்கொண்டது. இஞ்சின் இரண்டு தடவை இருமி, மூன்றாவது தடவை பிடித்தது.

முதல் வளைவு. இரண்டாவது. முகப்பு விளக்கு மூடுபனியில் பட்டு வெள்ளைச் சுவராகத் திரும்பி வந்தது. சாலையின் ஓரம் எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. கதவைத் திறந்து, கீழே சக்கரத்தை எட்டிப் பார்த்தபடி ஓட்டவேண்டியிருந்தது. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குள் ஓட்டுகிறவள். ஒரு வேகத்தடையைக்கூட அதிராமல் தாண்டுகிறவள். இப்போது ஒவ்வொரு குழியிலும் வேனை இறக்கி ஏற்றினாள். மெதுவாகப் போனால் அக்கா, வேகமாகப் போனால் மூன்று பேரும்.

அக்காவின் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் இருக்கும்போது உறிஞ்சுகுழலில் உறிஞ்சினால் வருமே, அந்தச் சத்தம்.

"கவலைப்படாதீங்கம்மா" என்றாள் அக்கா திடீரென்று.

தெளிவான, நிதானமான குரல். சின்னவளுக்குத் தெரிந்த குரல்தான். எத்தனையோ தடவை சாப்பாடு கொடுக்கப் போனபோது வார்டு வாசலில் நின்று கேட்டிருக்கிறாள். நோயாளிகளின் வீட்டாரிடம் அக்கா பேசுகிற குரல்.

"கீழ போனா... சரியாயிடும். நாங்க... பாத்துக்கறோம். நீங்க போய்... ஏதாவது சாப்பிடுங்க."

"அக்கா, நான்தான். குட்டி."

"சரிம்மா" என்றாள் அக்கா மரியாதையாக.

மூடுபனி ஒரு வளைவில் சட்டென்று தீர்ந்தது. கீழே சாலை சாலையாகத் தெரிந்தது. முதல் மரங்கள் வந்தன. சின்னவளுக்கு உயிர் வந்தது. அப்போதுதான் காதுகள் அடைக்கத் தொடங்கின. இறங்க இறங்க, இஞ்சின் சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் ஓடுவது போலாயிற்று. எச்சிலை விழுங்கினாள். விடவில்லை. அக்காவின் மூச்சும் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது.

காதுதான் அடைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள்.

"சாயங்காலத்துக்குள்ள ஒரு நல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்கா. நாளைக்கு எழுந்து உட்கார்ந்துடுவே. அப்புறம் அந்த விடுதிக்காரரை நாலு வார்த்தை கேக்கணும், நீதான் கேக்கணும், எனக்கு வராது..." பேசிக்கொண்டே போனாள். பக்கத்தில் திரும்பவில்லை. வளைவுகள் அடுத்தடுத்து இருந்தன, சாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. அது நிஜமும்கூட.

குறுகலான ஒரு திருப்பத்தில், ஜல்லி ஏற்றிய லாரி மேலே ஏறி வந்து எதிரே நின்றது. ஏறுகிற வண்டிக்குத்தான் இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும். லாரிக்காரர் பின்னால் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். சின்னவள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"அண்ணே, அக்காவுக்கு மூச்சு முடியல. கொஞ்சம் வழி விடுங்கண்ணே."

அவர் மறு வார்த்தை பேசவில்லை. அத்தனை பாரத்தையும் பின்னோக்கி, அங்குலம் அங்குலமாக இறக்கி, அகலமான இடத்தில் மலையோடு ஒட்டி நிறுத்தினார். வேன் உரசுகிறாற்போல் கடந்தது. உயரத்தில் உட்கார்ந்திருந்த அவருக்கு அக்கா சாய்ந்திருந்த சீட்டு நேராகத் தெரிந்தது. அவர் குனிந்து உள்ளே பார்த்தார். பார்த்த கண்ணை உடனே எடுத்துத் தன் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார்.

சின்னவள் கியரை மாற்றினாள்.

"நல்ல மனுஷன்" என்றாள். "பாத்தியாக்கா? மறு பேச்சு பேசல."

கண்ணாடியில் ஏதோ நகர்ந்தது. மேனேஜர் அக்காவின் தோளிலிருந்து மோவாயை எடுத்து, திரும்பி நடந்து, வேனின் கடைசி மூலைக்குப் போய்ச் சுருண்டு படுத்தது.

அவள் ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டாள். காற்று படபடவென்று உள்ளே அடித்தது. அடைத்த காதிலும் அது கேட்டது. அந்தச் சத்தம் அவளுக்கு வேண்டியிருந்தது. விடுதி வந்தது, போயிற்று. வீட்டில் தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டியதைப் பற்றி, வேனுக்கு டயர் மாற்ற வேண்டியதைப் பற்றி, பக்கத்து வீட்டுக்காரி செடிக்குத் தண்ணீர் ஊற்றியிருப்பாளா என்பதைப் பற்றிச் சொன்னாள். பதிலுக்கு இடம் விட்டு விட்டுச் சொன்னாள்.

அடிவாரத்து ஊரில் சிறிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. முற்றத்தில் வேனை நிறுத்தி ஹாரனில் கையை வைத்தவள் எடுக்கவில்லை. ஓர் இளம் டாக்டரும் வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸும் ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்தார்கள். டாக்டர் கழுத்தில் விரலை வைத்தார். கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய ஓட்டம் நடையாக மாறியதைச் சின்னவள் பார்த்தாள்.

பிறகு ஒரு பெஞ்சு. அங்கே நல்ல வெயில். சின்னவள் மூன்று சுவெட்டர் போட்டிருந்தாள், வியர்வை வழிந்தது. டாக்டர் எதிரே வந்து குனிந்து என்னவோ சொன்னார். உதடு அசைந்தது. அவள் காதைத் தொட்டுக் காட்டினாள். அவர் இன்னும் அருகே வந்து, சத்தமாக, ஆனாலும் மென்மையாகக் கேட்டார்.

"எப்ப இருந்தும்மா பேச்சு இல்லாம இருந்தாங்க?"

"இல்லையே. பேசிக்கிட்டேதான் வந்தோம்" என்றாள் சின்னவள்.

டாக்டர் தலையசைத்தார். நர்ஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். சின்னவள் எழுந்துவிட்டாள்.

வேனின் பக்கக் கதவு திறந்தே கிடந்தது. மேனேஜர் இறங்கவில்லை. மூலையில் அப்படியே, நாக்கு தொங்க, இளைத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். நாயும் அவளைப் பார்த்தது. வாலை ஆட்டவில்லை. அவளும் கூப்பிடவில்லை.

முற்றத்துக் குழாயடியில் யாரோ கழுவிக் கவிழ்த்திருந்த ஒரு வாளி இருந்தது. பாதி நிரப்பி எடுத்துவந்து, வேனுக்குள் ஏறி, அதன் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வாளி ஆழமாக இருந்தது. நாய்க்கு வாகாக அதைத் தன் முழங்கால் மேல் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை உள்ளே விட்டது.

அவள் எச்சிலை விழுங்கினாள். சட்டென்று இரண்டு காதும் திறந்துகொண்டன. நாய் தண்ணீரை நக்கிக் குடிக்கிற சத்தம், சளப் சளப் என்று, மிகப் பக்கத்தில் கேட்டது. அது குடித்து முடிக்கும் வரை அவள் வாளியை அசைக்கவில்லை.